மீனுக்கு வழி கேட்டால் ஏன் சிரிக்கிறார்கள்?



சில மாதங்களுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போயிருந்தோம். மனுவில் ஐந்து கோரிக்கைகள். சுடுகாட்டுப் பாதை, வீட்டுமனைப் பட்டா, தெருவிளக்கு, பழங்குடிச் சான்றிதழ். இந்த நான்கையும் அதிகாரி வாசித்தார், தலையாட்டினார். ஐந்தாவதை இரண்டு முறை வாசித்தார். "அணையிலிருந்து மீன்கள் உயிரோடு கீழே இறங்க வழி செய்ய வேண்டும்." பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். "மனுஷனுக்கே வழியக் காணோம், மீனுக்கு வழி கேக்குறீங்களா?"

அவர்கள் சிரித்தது எங்களுக்குப் புதிதில்லை. அலுவலகச் சிரிப்புக்கு நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் வெளியே வந்ததும் எங்களோடு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தோழர், தப்பா நினைக்காதீங்க. இது நம்ம வேலைதானா? சூழலியல் பேசுறவங்க வேலை இல்லையா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. இது நம்முடைய வேலைதான். சுடுகாட்டுப் பாதையும் மீன் இறங்கும் பாதையும் ஒரே மனுவில் இருந்தது தற்செயலாக அல்ல.

மலையைச் சுற்றிலும் சுவர்

ஜமுனாமரத்தூரில் நின்று பார்த்தால் அணை எதுவும் கண்ணில் படாது. ஆனால் ஜவ்வாது மலையில் பெய்கிற மழை பெரும்பாலும் எந்தப் பக்கம் இறங்கினாலும் ஏதாவது ஒரு சுவரில் போய் முட்டுகிறது. செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. செங்கத்துக்கு அருகே குப்பநத்தம் அணை அதை மறிக்கிறது. கமண்டல நாகநதி படவேட்டுப் பக்கம் செண்பகத்தோப்பு அணையில் நிற்கிறது. மிருகண்டாநதிக்கு அதே பெயரில் ஓர் அணை. திருப்பத்தூர்ப் பக்கம் ஆண்டியப்பனூர் ஓடை அணை. மேற்குச் சரிவு ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து, ஊத்தங்கரை வழியாகப் போய்த் தென்பெண்ணையில் கலக்கின்றன. அந்தத் தென்பெண்ணையை மலைக்குத் தெற்கே மறித்து நிற்பது சாத்தனூர் அணை.

இவற்றில் சாத்தனூர்தான் பெரியது. காமராசர் ஆட்சியில், 1950-களில் கட்டப்பட்டது. முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. மலையைச் சுற்றியுள்ள மற்ற அணைகள் பாசனத்துக்கானவை. சாத்தனூரில் மட்டும் மின்சாரமும் எடுக்கிறார்கள். 7.5 மெகாவாட் திறனுள்ள சிறிய நீர்மின் நிலையம் அது.

சாத்தனூருக்குச் சுற்றுலா போனவர்களுக்கு அங்கே மூன்று ஞாபகம் இருக்கும்: பூங்கா, முதலைப் பண்ணை, பொரித்த மீன். மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் உண்டு. அணைக்கு மேலே இருக்கும் மீனுக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்கள். அணைக்குக் கீழே இருக்க வேண்டிய மீனுக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் கேள்வி இதுதான்.

ஏறுவது எல்லோருக்கும் தெரியும்

ஆற்றங்கரை ஊரில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: புது வெள்ளம் வந்தால் மீன் ஏறும். முதல் மழையில் கலங்கல் தண்ணீர் வந்ததும் கெண்டை, கெளுத்தி, ஆரால் எல்லாம் நீரை எதிர்த்து ஓடைக்குள் ஏறும். அன்று இரவு சேரியில் யாரும் தூங்க மாட்டார்கள். ஊத்தாவும் கூடையும் வீச்சுவலையும் கையுமாக ஆற்றில்தான் இருப்பார்கள்.

ஏறிய மீன் முட்டை போடும். முட்டை பொரிந்த குஞ்சு என்ன செய்யும்? நீரோட்டத்தோடு கீழே இறங்கும். மடுவிலும் ஏரியிலும் வளரும். அடுத்த ஆண்டு மறுபடி ஏறும். ஏறுவது பாதி வாழ்க்கை, இறங்குவது மறு பாதி. ஏறுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம், பிடிக்கிறோம், சாப்பிடுகிறோம். இறங்குவது இரவில், கலங்கல் நீருக்குள், விரல் நுனி அளவு குஞ்சாக நடக்கிறது. அதனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

விலாங்கு இன்னும் விசித்திரமானது. மற்ற மீன்களுக்கு நேர் எதிராக அது கடலில் பிறக்கிறது. நூல் போன்ற குட்டியாக ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்து மேலே ஏறுகிறது. ஆற்றிலும் குளத்திலும் பல ஆண்டுகள் வளர்கிறது. இனம் பெருக்கும் வயது வந்ததும், வெள்ள நாட்களின் இருட்டில் மறுபடி கடலுக்கு இறங்குகிறது. முட்டை போடுவது கடலில்தான், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. இறங்கும் வழியில் ஒரு விலாங்கு செத்தால், போட்டிருக்க வேண்டிய பல லட்சம் முட்டைகளும் அதோடு போகின்றன.

ஆற்றுக்குக் குறுக்கே கட்டினால் மீன் போக்குவரத்து நிற்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் ஆங்கிலேய அரசுக்கு 1873-ல் கொடுத்த அறிக்கையிலேயே அணைக்கட்டுகளால் மீன்வளம் அழிவதை எழுதிவிட்டார். காவிரியில் கடலிலிருந்து ஏறி வந்த உல்லம் மீன், 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு மேலே போகும் வழியை இழந்தது. ஏறும் மீனுக்கு ஏணி கட்டுவது பற்றி உலகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசுகிறது. இறங்கும் மீனைப் பற்றிய பேச்சு மிகத் தாமதமாகத்தான் தொடங்கியது. நம் ஊரில் அதைப் பேசினால் இன்றைக்கும் சிரிப்புதான்.

டர்பைனுக்குள் என்ன நடக்கிறது

ஷட்டரைத் திறந்தால் மீன் தானாக இறங்கிவிடாதா என்று கேட்கலாம். அணை நிரம்பினால்தான் ஷட்டர் திறக்கும். நிரம்பாத ஆண்டுகளில் அந்த வழி இல்லை. மற்ற நாட்களில் நீர் போகும் பாதை மதகும் மின் நிலையக் குழாயும்தான். மீன் நீரோட்டத்தைப் பின்பற்றும். நீரோட்டம் குழாய்க்குள் போனால் மீனும் குழாய்க்குள் போகும்.

உள்ளே மூன்று ஆபத்துகள். முதலாவது வெட்டு. வேகமாகச் சுழலும் இறக்கையில் அடிபடும் வாய்ப்பு மீனின் நீளத்தோடு கூடுகிறது. அதனால்தான் விலாங்கு அதிகம் சாகிறது. இரண்டாவது அழுத்தம். ஆழத்தில் அதிக அழுத்தத்தில் இருந்த மீன் டர்பைனைத் தாண்டும் நொடியில் திடீரென்று குறைந்த அழுத்தத்துக்கு வருகிறது. அதன் வயிற்றுக் காற்றுப்பை வெடிக்கிறது, கண் பிதுங்குகிறது. மூன்றாவது நீரின் முறுக்கு. வெவ்வேறு வேகத்தில் ஓடும் நீர் உரசும் இடத்தில் செதில் பெயரும், செவுள் கிழியும். இவை மூன்றிலும் தப்பினாலும் மயங்கிய நிலையில்தான் மீன் வெளியே வரும். அங்கே கொக்கும் நீர்க்காகமும் காத்திருக்கும்.

எத்தனை சாகும் என்பது டர்பைனின் வகை, வேகம், நீர் விழும் உயரம், மீனின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. உலகின் பல அணைகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் நூற்றுக்குச் சில, சில இடங்களில் பாதிக்கு மேல்.

இந்தியாவில் 1897 முதல் ஒரு மீன்வளச் சட்டம் இருக்கிறது. ஆற்றில் வெடி போட்டு மீன் பிடித்தால் குற்றம். நஞ்சு கலந்து பிடித்தால் குற்றம். சரியான சட்டம்தான், நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் பசிக்காக ஓர் ஏழை வெடி போட்டால் குற்றமாகும் செயல், இயந்திரம் இரவும் பகலும் செய்தால் "உற்பத்தி" ஆகிவிடுவது எப்படி?

இது யாருடைய மீன்?

இங்கேதான் அந்த மாணவரின் கேள்விக்குப் பதில் தொடங்குகிறது.

நம் ஊர்களில் மீன் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று ஏரி, இன்னொன்று ஆறு. ஏரி மீனுக்கு மீன்பாசி ஏலம் உண்டு. அந்த ஏலத்தில் யார் கை தூக்குவார்கள், யார் தூக்க முடியாது, யார் தூக்கினால் மறுநாள் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கு மதகு இருக்கும் இடம், பாசனம் பாயும் வரிசை, மரத்தின் புளி, கரையின் புல், தண்ணீருக்குள் இருக்கும் மீன் எல்லாவற்றுக்கும் சாதி உண்டு. ஏரி வற்றும்போது சகதியில் இறங்கி மீனை அள்ளிக் கொடுப்பவர் நம் மக்கள். அள்ளிய மீன் போகும் இடம் ஏலம் எடுத்தவரின் வண்டி.

ஆறு அப்படி இல்லை. ஆற்று மீனுக்குப் பல இடங்களில் ஏலம் இல்லை. வலை இருந்தால் போதும், வலை இல்லாவிட்டால் தூண்டில் போதும், அதுவும் இல்லாவிட்டால் கை போதும். நிலம் இல்லாதவருக்கு, நூறுநாள் வேலை கிடைக்காத மாதத்தில், ரேஷன் அரிசியோடு வைக்க ஒரு குழம்பு ஆற்றில் இருந்தது. தென்பெண்ணைக் கரையில் இருளர் குடியிருப்புகளில் நாங்கள் வேலை செய்கிறோம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்க் கொத்தடிமையாகிறவர்கள் அவர்களில் உண்டு. ஒரு பாட்டி எங்களிடம் சொன்னதை அப்படியே தருகிறோம்: "ஆத்துல மீனு இருந்தா ஒரு வாரம் தள்ளலாம்யா. ஒரு வாரம் தள்ளுனா முன்பணம் கேக்குற வெலைய நாம சொல்லலாம். மீனு இல்லன்னா அவன் சொல்றதுதான் வெல."

சமூகவியல் படித்த எங்களுக்கு இதை விளக்கப் பல பக்கங்கள் தேவைப்பட்டன. பாட்டி மூன்று வரியில் முடித்துவிட்டார். ஆற்று மீன் என்பது வெறும் சத்துணவு அல்ல. அது பேரம் பேசும் பலம். அதைப் பிடுங்கினால் கூலி குறைகிறது.

மலையின் மேலே மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் ஓடை மீனும் நண்டும் இதே மாதிரிதான். வாழ வழி குறைந்தால் மலை மக்கள் எங்கே போகிறார்கள் என்பதை 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் பார்த்தோம். ஆந்திரச் செம்மரத் தடுப்புப் படை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மீன் இருந்திருந்தால் அவர்கள் போயிருக்க மாட்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. உள்ளூரில் இலவசமாக இருந்த ஒவ்வொன்றும் மூடப்படும்போது, ஏஜென்ட் சொல்லும் வேலைக்கு "மாட்டேன்" என்று சொல்லும் துணிச்சல் குறைகிறது என்கிறோம்.

"நாங்கதான் குஞ்சு விடுறோமே!"

மீன் குறைந்தது என்றால் வரும் முதல் பதில் இது. நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுகிறார்கள். உண்மைதான். மீன் உற்பத்திக் கணக்கு கூடுகிறது. அதுவும் உண்மையாக இருக்கலாம்.

ஆனால் அந்த மீன் எங்கே வளர்கிறது? அணைக்கு மேலே. யார் பிடிக்கலாம்? உரிமம் பெற்றவர், பங்கு உள்ளவர், குத்தகை எடுத்தவர். ஆற்றில் யாரும் பிடிக்கக்கூடிய அயிரையும் ஆராலும் கெளுத்தியும் குறைகின்றன. தேக்கத்தில் உரிமம் உள்ளவர் மட்டும் பிடிக்கக்கூடிய கட்லா கூடுகிறது. கிலோக் கணக்கு சமமாக இருக்கலாம், இரண்டும் ஒரே மீன் அல்ல. பொதுவில் இருந்ததை எடுத்து வேலிக்குள் வைத்துவிட்டு "உற்பத்தி கூடியிருக்கிறது" என்று சொல்வது பழைய வித்தை. புறம்போக்கில் நடந்தது, மேய்ச்சல் நிலத்தில் நடந்தது, இப்போது தண்ணீருக்குள் நடக்கிறது.

அதனால் "மீன் இறங்கும் வழி" என்று நாம் கேட்கும்போது, மேலே உள்ள மீன் வேலியைத் தாண்டிக் கீழே, எல்லோருக்கும் சொந்தமான இடத்துக்கு வரட்டும் என்றுதான் கேட்கிறோம். சிரித்தவர்களுக்கு இது புரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். கோபப்பட்டிருப்பார்கள்.

அம்பேத்கர் அணை கட்டச் சொன்னாரே?

நம் தோழர்கள் சிலர் வைக்கும் வாதம் இது. புரட்சியாளர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் வந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம், ஹிராகுட் திட்டம், இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடியாக 1945-ல் அமைந்த ஆணையம் ஆகிய எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. "அவர் அணை கட்டினார், நீங்கள் அணையைக் குறை சொல்கிறீர்களா?"

நாங்கள் அணையை இடிக்கச் சொல்லவில்லை. மின்சாரம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேரிக்கு மின்சாரம் கடைசியாக வந்த கதை நமக்குத் தெரியும். இருட்டின் அருமையைப் பாடுவதற்கு நாம் பண்ணை வீட்டுக்காரர்கள் அல்ல.

ஆனால் அம்பேத்கர் வலியுறுத்திய சொல்லை நினைவில் வையுங்கள்: பல்நோக்கு. ஓர் அணை பாசனத்துக்கு மட்டும், மின்சாரத்துக்கு மட்டும் என்று ஒற்றை நோக்கத்தோடு இருக்கக்கூடாது, ஆற்றை முழுமையாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும், அதன் பயன் அந்தப் பள்ளத்தாக்கின் ஏழை மக்களுக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்தப் பார்வை. பாசனம் நிலம் உள்ளவருக்குப் போகிறது. மின்சாரம் கம்பி போகும் இடத்துக்கெல்லாம் போகிறது. நிலம் இல்லாதவருக்கு அந்த ஆற்றில் என்ன நோக்கம் மிச்சம்? மீனை ஒரு நோக்கமாகச் சேர்ப்பது அம்பேத்கருக்கு எதிரானது அல்ல. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது.

இன்னொன்றும் உண்டு. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அவர் தண்ணீரைக் கையில் அள்ளியபோது கேட்டது வெறும் தாகத்துக்கான தண்ணீர் இல்லை. பொதுவான தண்ணீரில் நமக்கும் சம உரிமை உண்டு என்பதைத்தான் நிலைநாட்டினார். தண்ணீரில் உரிமை என்றால் தண்ணீருக்குள் இருப்பதிலும் உரிமைதான்.

கீழே இருப்பவர் கணக்கில் இல்லை

2024 டிசம்பர் 2 அதிகாலையை நாம் மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணைக்கு வரத்து பெருகி, விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை போதுமா, நேரத்துக்கு வந்ததா என்று கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டன. நாங்கள் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. எங்கள் கண்ணில் பட்டது வேறு. பள்ளத்தில் இருக்கும் காலனிக்குத் தண்ணீர் முதலில் வருகிறது, கடைசியில் வடிகிறது. கோடையில் அதே ஆறு வறண்டு கிடக்கும்போதும் ஊற்று தோண்டிக் குடிப்பவர்கள் அதே மக்கள்தான்.

மீனுக்கு வழி இல்லாததும், மனிதருக்கு எச்சரிக்கை போதாததும் ஒரே மனநிலையில் பிறந்தவை. அணை என்றால் நீர்மட்டம், வரத்து, இருப்பு. நாளிதழில் தினமும் வரும் மூன்று எண்கள். மூன்றும் அணைக்கு மேலே இருப்பதைப் பற்றியவை. கீழே போவதை "வெளியேற்றம்" என்கிறார்கள். வெளியேற்றம்! நாம் வாழும் இடத்துக்கு வரும் தண்ணீருக்குப் பெயரே அதுதான்.

செய்ய முடியாததா?

செய்ய முடியும். செய்து கொண்டிருக்கிறார்கள்.

முதல் வழி, தடுப்பு வலையும் மாற்றுப் பாதையும். மின் நிலையக் குழாய்க்கு முன்னால் இப்போது குப்பை தடுக்கும் கம்பிகள் இருக்கும், அவற்றின் இடைவெளி பெரியது. அதற்குப் பதிலாக 10 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பிகளைச் சாய்வாக வைத்தால் பெரிய மீன் உள்ளே போகாது. கம்பியை ஒட்டி நகர்ந்து ஓரத்துக்கு வரும். ஓரத்தில் ஒரு தனி வாய்க்கால் அல்லது குழாய் அதைக் கீழே இறக்கிவிடும். வலைக்கு முன்னால் நீரின் வேகம் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மீன் கம்பியிலேயே ஒட்டிச் சாகும். விரல் நுனி அளவுக் குஞ்சை இந்த வலையும் தடுக்காது என்பதால் இது மட்டும் போதாது.

இரண்டாவது, மேல்மட்ட நீரை விடுவது. பல மீன்கள் மேல்மட்டத்தில்தான் நீந்துகின்றன. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் பருவத்தில், மின்சாரத்துக்குப் போகும் நீரில் ஒரு பகுதியை வேண்டுமென்றே மதகு வழியாக விடுகிறார்கள்.

மூன்றாவது, சில இரவுகள் நிறுத்துவது. விலாங்கு இறங்குவது எல்லா நாளும் அல்ல. மழை பெய்து நீர் கலங்கும் இருட்டு இரவுகளில்தான். அந்த இரவுகளில் மட்டும் டர்பைனை நிறுத்தி நீரை வேறு வழியில் விடலாம்.

நான்காவது, பிடித்து இறக்கி விடுவது. அயர்லாந்தின் ஷானன் ஆற்றில் 1929 முதல் ஆர்ட்னகிரஷா நீர்மின் நிலையம் ஓடுகிறது. அங்கே இறங்கும் விலாங்குகளை மேலேயே பிடித்து, வண்டியில் ஏற்றி, அணைக்குக் கீழே விடுகிறார்கள். செலவு மின் நிறுவனத்துடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் விலாங்குக்கு என்றே ஒரு சட்டம் போட்டது. மனிதத் தாக்கங்கள் இல்லாதிருந்தால் எவ்வளவு விலாங்கு கடலுக்குப் போயிருக்குமோ, அதில் குறைந்தது 40 சதவீதமாவது போக வேண்டும் என்பது அதன் இலக்கு.

"மீனுக்காக மின்சாரத்தை நிறுத்துவதா?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சாத்தனூரின் முழுத் திறன் 7.5 மெகாவாட். பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட வராது. அதையும் ஆண்டு முழுக்க அல்ல, மழைக்காலத்தின் சில இரவுகளில் மட்டும் நிறுத்தச் சொல்கிறோம். இதனால் யார் வீட்டு விளக்கும் அணையாது.

வெளிநாட்டில் இதெல்லாம் அரசின் கருணையால் நடந்ததாக நினைக்காதீர்கள். வாஷிங்டன் மாநிலத்துப் பூர்வகுடிகள் தங்கள் பழைய ஒப்பந்த உரிமைக்காக ஆற்றில் வலை போட்டுக் கைதாகிக் கைதாகி, 1974-ல் பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்கு என்ற தீர்ப்பை வாங்கினார்கள். கிளாமத் ஆற்றில் நான்கு நீர்மின் அணைகள் 2024-ல் அகற்றி முடிக்கப்பட்டன. யூரோக், கருக் பழங்குடிகளின் பல ஆண்டுப் போராட்டம் அது. அந்த ஆண்டே சால்மன் மீன் பழைய அணை இருந்த இடத்தைத் தாண்டிப் போனது. அங்கே மீனைப் பற்றி முதலில் பேசியவர்கள் மீன் பிடிக்கும் மக்கள். இங்கே நாம் பேசினால் "இது உங்க வேலையா?" என்று கேட்கிறார்கள்.

சட்டம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

இல்லாத இடத்தை முதலில் சொல்கிறோம். 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டத்துக்கு முன் அனுமதி தேவையில்லை. மதிப்பீடும் இல்லை, மக்கள் கருத்துக் கேட்பும் இல்லை. சிறியது என்றால் பசுமையானது என்று வைத்துவிட்டார்கள். மீனுக்கு 7.5 மெகாவாட் டர்பைனும் ஒன்றுதான், 700 மெகாவாட் டர்பைனும் ஒன்றுதான். ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து நீட்டிப்புச் சட்டமும் ஜவ்வாது மலைக்குக் கிடையாது.

இருக்கிற இடங்கள் இவை. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1)(d): மீனும் மற்ற நீர்நிலைப் பொருட்களும் வனத்தில் வாழும் மக்களின் சமூக உரிமை. நம்மில் பலர் இந்தச் சட்டத்தை நிலப் பட்டாச் சட்டமாக மட்டுமே பார்க்கிறோம். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் முடங்கி, 2016-ல்தான் வழி திறந்தது. அதனால் தனிநபர் பட்டாவிலேயே நம் கவனம் நின்றுவிட்டது. மீன் உரிமையைக் கேட்டு கிராம சபை வழியாக மனுப் போடுங்கள். அதே சட்டத்தின் 5-வது பிரிவு நீர்ப்பிடிப்பையும் நீராதாரத்தையும் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபைக்குத் தருகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பின், பிரிவு 3(1)(g): பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிலம், நீர், வன உரிமைகளை அனுபவிப்பதில் குறுக்கிடுவது குற்றம். பிரிவு 3(1)(za): பொதுச் சொத்தையும் ஆறு, ஓடை, குளத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். மீன்பாசி ஏலத்தில் நம்மை மிரட்டி விலக்கும்போது இந்தப் பிரிவுகளை எழுதச் சொல்லுங்கள்.

நாம் கேட்பது

ஒன்று: சாத்தனூர் மின் நிலையத்தின் வழியாகப் போகும் மீன்களில் எத்தனை பிழைக்கின்றன என்று ஒரு முழு மழைக்காலம் எண்ணி, கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இரண்டு: தடுப்பு வலையும் இறங்கு பாதையும் அமைக்க வேண்டும். அதுவரை வெள்ள இரவுகளில் டர்பைனை நிறுத்த வேண்டும்.

மூன்று: மீனைப் பிடித்துக் கீழே விடும் வேலை, எண்ணும் வேலை இரண்டும் கரையோர இருளர், தலித் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூலியோடு தரப்பட வேண்டும். மீன் எந்த இரவில் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான்கு: குப்பநத்தம், செண்பகத்தோப்பு, மிருகண்டாநதி, ஆண்டியப்பனூர் அணைகளிலும் மீன் ஏறவும் இறங்கவும் வழி உண்டா என்று ஆராய வேண்டும். நாளை அங்கே ஒரு சிறு டர்பைன் வைக்கத் திட்டம் வந்தால், மீன் பாதை இல்லாமல் அனுமதிக்கக் கூடாது.

ஐந்து: ஆற்று மீன் ஏலத்துக்குப் போகக் கூடாது. ஏரி மீன்பாசி ஏலத்தில் தலித், பழங்குடிச் சங்கங்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வரும் மழைக்காலத்துக்கு முன் உங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் போய் உட்காருங்கள். அவர்கள் சிறுவயதில் எந்த மீன் இருந்தது, எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் இறங்கியது, எந்த மீனைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று எழுதி வாருங்கள். மீனின் பெயரை அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மின் நிலையம் எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம்மிடம் ஓர் ஆவணம் இருக்கும். ஆவணத்தைப் பார்த்துச் சிரிப்பது அவர்களுக்குக் கொஞ்சம் கடினம்.

அந்த அலுவலகத்துக்கு மறுபடி போகப் போகிறோம். அதே ஐந்து கோரிக்கைகள்தான், ஆனால் வரிசையை மாற்றியிருக்கிறோம். மீன் இப்போது முதலில். கேள்வி கேட்ட அந்த மாணவர்தான் மனுவை எழுதியிருக்கிறார்.

ஜெய்பீம்.